கலைஞருக்கு ஓர் அறிமுகச் சீட்டு

(கெங்கவல்லியில் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இத்தகைய கூட்டங்களில் ஏரி வாய்க்கால், சாலை, குடிநீர்த் தொட்டி, வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே என் வழக்கம். இன்று அவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, மூன்றரை அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் உள்ள ஒரு காகித அட்டையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். விசிட்டிங் கார்டு என்று நாம் எல்லோரும் வழங்கும் அறிமுகச் சீட்டே அது. உர வியாபாரியிடம் இருக்கிறது. டிராக்டர் பழுது பார்ப்பவரிடம் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போடுபவரிடம் இருக்கிறது. ஆனால், நம் வட்டத்தின் பெயரை வெளியூர்களில் விளங்கச் செய்யும் கலைஞர்கள் பலரிடம் அது இல்லை. இதை ஒரு சிறு குறை என்று தள்ளிவிட இயலாது என்பதே நான் கூற வந்த கருத்து.

நம்மிடம் உள்ள செல்வம்

கெங்கவல்லி வட்டம் என்றவுடன் மரவள்ளியும் மக்காச்சோளமும் பாக்குத் தோப்பும் நினைவுக்கு வருவது இயல்பே. அவற்றுடன் சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு செல்வமும் நம்மிடம் உண்டு. தம்மம்பட்டி மரச்சிற்பங்கள் நாட்டின் பல பகுதிகளுக்கும் செல்கின்றன. வாகை, வேம்பு முதலிய மரங்களில் தெய்வ உருவங்கள், கோயில் வாகனங்கள், திருவாசிகள், கதவு வேலைப்பாடுகள் ஆகியவற்றைச் செதுக்கும் கைகள் நம் அண்டையிலேயே உள்ளன. இச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தம்மம்பட்டி பேரூராட்சியைச் சேர்ந்தது. ஆகவே எனது அலுவலக எல்லைக்குள் அடங்காது. ஆயினும் நம் வட்டத்தின் பெருமையில் எல்லைக்கோடு கிழிக்க வேண்டியதில்லை.

சிற்பிகள் மட்டுமன்று. தெருக்கூத்து ஆடுவோர், நாதஸ்வரமும் தவிலும் வாசிப்போர், பறை, பம்பை அடிப்போர், சுவரில் விளம்பரம் எழுதுவோர், மண்ணால் குதிரையும் உருவாரமும் செய்வோர் எனப் பலர் நம் சிற்றூர்களில் வாழ்கின்றனர். இவர்களிற் பெரும்பாலோர் மழைக்காலத்தில் கூலிக்குக் களையெடுக்கச் செல்பவர்கள். சிலருக்குச் சிறிதளவு நிலமும் உண்டு. கலைஞர் வேறு, விவசாயி வேறு என்று பிரித்துப் பார்க்க நம் ஊர்களில் இடமில்லை.

இழப்பு எங்கே நேருகிறது?

தொலைவிலுள்ள ஒரு நகரத்தில் ஒருவர் தம்மம்பட்டிச் சிற்பமொன்றை வாங்குகிறார் என்று கொள்வோம். ஊரின் பெயரை அவர் அறிகிறார். கடையின் பெயர் ரசீதில் இருக்கிறது. செதுக்கியவர் பெயர் எங்கும் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அச்சிற்பத்தின் விரலொன்று முறிந்துவிட்டால் சீர் செய்து கொள்ள யாரிடம் கேட்பது? அதற்கு இணையான மற்றொன்று தேவைப்பட்டால் யாருக்குச் சொல்லி அனுப்புவது? மீண்டும் கடைக்கே செல்ல வேண்டும். அல்லது அந்த எண்ணத்தையே கைவிட வேண்டும். செய்தவருக்கு வரவேண்டிய இரண்டாவது வேலை இவ்வாறு வழியிலேயே நின்றுவிடுகிறது.

கூத்துக் குழுவின் நிலையும் இதுவே. அம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்த பின்னர், விழாக் குழுவினர் ஆள்மேல் ஆள் விசாரித்துக் குழுவைத் தேடுகின்றனர். நேரடியாகத் தொடர்பு கொள்ள வழியில்லாதபோது இடையில் ஒருவர் நுழைகிறார். முன்பணத்தில் ஒரு பகுதி அவரிடம் தங்கிவிடுகிறது. விடிய விடிய ஆடியவருக்கும் அழைத்தவருக்கும் பேசப்பட்ட தொகை என்ன என்பதே பல சமயம் ஒன்றாக இருப்பதில்லை. மரவள்ளிக் கிழங்கின் பாயிண்ட் எவ்வளவு என்பதைத் தாமே அறியாத விவசாயி, ஆலைக்காரர் சொல்லும் விலையை ஏற்க வேண்டியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். வாங்குவோர் யார் என்று அறியாத கலைஞரின் நிலை அதனினும் தாழ்ந்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே

கலைஞரின் பெயரையும் இருப்பிடத்தையும் எழுதி வைப்பது நமக்குப் புதிய வழக்கமன்று. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைப் பாருங்கள். முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரைத் தஞ்சைக்கு வரவழைத்துக் குடியமர்த்தினான். அவர்கள் ஒவ்வொருவருடைய பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், தஞ்சையில் எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஒருவருக்கு ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவர், வீணை வாசிப்போர், உடுக்கை வாசிப்போர், தச்சர் ஆகியோரின் பங்குகளும் அவ்வாறே குறிக்கப்பட்டன. அக்கோயிலைச் சமைத்த பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் அங்கே இருக்கிறது.

இத்தனை விவரத்தைக் கல்லில் வெட்டியதன் பயன் யாது? கொடுக்க வேண்டியதை யாருக்குக் கொடுப்பது, அவரை எங்கே காண்பது என்பதில் ஐயம் எழாது. ஒருவர் மறைந்தால் உறவினரில் தகுதியுடையவர் அப்பங்கைப் பெற்றுப் பணியைத் தொடர வேண்டும் என்ற விதியும் அதிலேயே அடங்கியது. பெயர், தொழில், ஊர், தெரு, வீடு என்னும் இவையே இன்றைய அறிமுகச் சீட்டிலும் நாம் அச்சிட வேண்டியவை.

சிவகாசி காட்டிய வழி

நம் காலத்துக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டி பெருகியபோது அதன் மேல் ஒட்டும் முகப்புச் சீட்டு வேண்டியதாயிற்று. எழுத்தறியாதவரும் படத்தைப் பார்த்து, தமக்குப் பிடித்த தீப்பெட்டியைக் கேட்டு வாங்கினர். அச்சீட்டுக்கும் பட்டாசுக் கட்டின் சீட்டுக்குமாகத் தோன்றிய அச்சகங்கள் பின்னர் நாட்காட்டி அச்சிட்டு நாடெங்கும் புகழ் பெற்றன.

அந்நாட்காட்டிகளில் தெய்வப் படங்களை வரைந்தவர்களுள் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898 - 1976) தலைசிறந்தவர். அவர் வரைந்த படங்களின் அடியில் அவருடைய கையொப்பமும் அச்சாயிற்று. படம் சென்ற வீடுகளுக்கெல்லாம் பெயரும் சென்றது. அவரிடம் பயின்ற மாணவர்களும் அவ்வாறே தம் பெயரால் அறியப்பட்டனர். ஒரு சிற்றூர்க் கலைஞரின் பெயர், அவர் படைப்போடு சேர்ந்து பயணம் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நம் மரச்சிற்பத்தின் அடியிலும் ஒரு சீட்டு சேர்ந்து செல்லட்டும் என்பதே என் வேண்டுகோள்.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்?

சீட்டு சிறியது, ஆகவே அதில் இடம் அரியது. முதலாவதாகக் கலைஞரின் பெயர் பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, அவர் செய்யும் வேலை தெளிவாக இருத்தல் வேண்டும். "மரச்சிற்பி" என்று மட்டும் எழுதினால் போதாது. "கோயில் வாகனம், திருவாசி, கதவு வேலைப்பாடு செய்து தரப்படும், பழைய சிற்பங்கள் சீர் செய்து தரப்படும்" என்று எழுதினால் வேலை தருபவருக்கு ஐயம் நீங்கும். கூத்துக் குழுவாயின் குழுவின் பெயர், வாத்தியார் பெயர், ஆட்கள் எத்தனை பேர், எந்தெந்தக் கூத்துகள் ஆடுவர் என்பவை வேண்டும். நாதஸ்வரக் குழுவாயின் திருமணம், கோயில் விழா, காதணி விழா என எவற்றுக்கு வருவர் என்பதைக் குறிக்கலாம்.

மூன்றாவதாக முகவரி. தெரு, ஊர், வட்டம், மாவட்டம், 1972ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் ஆகிய அனைத்தும் தேவை. நம் ஊர்ப் பெயரையே கெங்கவல்லி என்றும் கங்கவல்லி என்றும் இருவகையாக எழுதுகிறார்கள். வெளியூரார் குழம்பாதிருக்க, எல்லாச் சீட்டுகளிலும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்துதல் நலம். வெளி மாநிலத்தார்க்குப் பயன்படும் பொருட்டு மறுபக்கத்தில் ஆங்கிலத்திலும் இவற்றையே தரலாம்.

நான்காவதாகத் தொலைபேசி எண். இதுவே சீட்டின் உயிர். சலுகைக்காக அடிக்கடி சிம் மாற்றும் வழக்கமுள்ளவர்கள், நிலையாக வைத்திருக்கப் போகும் எண் எது என்பதை முடிவு செய்த பின்னரே அச்சகத்துக்குச் செல்ல வேண்டும். மகன் அல்லது மகளின் எண்ணை இரண்டாவதாகச் சேர்ப்பது நல்லது. வயலில் நிற்கும்போது வந்த அழைப்பு வீணாகாது.

இனி, இருக்கக் கூடாதவை. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை ஒருபோதும் அச்சிடலாகாது. பணம் பெறும் கியூஆர் குறியும் இதில் வேண்டாம். அது பட்டறையில் ஒட்டியிருந்தால் போதும். நான்கைந்து வண்ணங்கள், பூச்சட்டம், பலவகை எழுத்துருக்கள் ஆகியவற்றைக் கண்டபடி நிரப்பினால் பெயர் மறைந்துவிடும். படம் வேண்டுமெனில் அக்கலைஞரே செய்த ஒரு பொருளின் படம் ஒன்று போதும். பிறர் செய்த சிற்பத்தின் படத்தை எடுத்துப் போடுவது நேர்மையுமன்று. வாங்க வந்தவர் அதையே கேட்டால் சங்கடமும் உண்டாகும்.

எழுத்துப் பிழையும் படமும்

தமிழில் ஓரெழுத்து மாறினால் பொருளே மாறிவிடும். சிற்பி என்பது சிப்பி ஆகிவிடக் கூடாது. கலை என்று இருக்க வேண்டிய இடத்தில் களை என்று விழுந்தால் என்ன பொருள் என்பதை விவசாயிகளாகிய உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கணினியில் பழைய எழுத்துரு முறைகளும் ஒருங்குறி முறையும் கலந்து வழங்குவதால், ஓரிடத்தில் சரியாகத் தெரிந்த வரி அச்சகக் கணினியில் வேறு குறிகளாக மாறிவிடுவதுண்டு. ஆகவே மாதிரிப் படி ஒன்றைக் காகிதத்தில் எடுத்துத் தரச் சொல்லி, பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, தொலைபேசி எண்ணை அந்தத் தாளைப் பார்த்தே ஒரு முறை அழைத்துச் சோதித்த பின்னரே அச்சிட இசைவு தர வேண்டும். ஓர் இலக்கம் தவறினால் ஆயிரம் சீட்டும் அடுப்புக்குத்தான்.

படத்தைப் பற்றியும் ஒரு சொல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்படும் படம் அளவு குறைக்கப்பட்டே சென்று சேர்கிறது. கைப்பேசித் திரையில் அழகாகத் தோன்றும் அது அச்சில் மங்கிவிடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவு தேவை. எனவே படத்தைக் கோப்பாக, அதாவது டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். காலை வெயிலில், வெறும் சுவரின் முன் பொருளை வைத்து எடுத்தால் தனி ஸ்டுடியோ தேவையில்லை.

காகிதமும் அச்சும்

சட்டைப் பையில் கிடந்து மடியாதிருக்க, சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவிலான தடித்த அட்டை ஏற்றது. பளபளப்புப் பூச்சு இட்டால் அழுக்குப் படியாது. ஆனால் பேனாவால் எழுத வராது. நாளும் தொகையும் குறித்துத் தர வேண்டிய கலைஞருக்கு ஒரு பக்கமாவது பூச்சின்றி இருப்பதே பயன்படும்.

அச்சு முறைகள் மூன்று வழக்கில் உள்ளன. ஆப்செட் முறையில் நீலம், செந்நிறம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளுக்கும் நான்கு தகடுகள் செய்ய வேண்டும். 100 அடித்தாலும் 1000 அடித்தாலும் தகட்டுச் செலவு ஒன்றே. ஆகவே மிகுதியாக அடிக்கும்போதுதான் சீட்டொன்றின் விலை குறையும். டிஜிட்டல் முறையில் தகடு இல்லை. குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்றது. 12 அங்குலத்துக்கு 18 அங்குலத் தாளொன்றில் ஏறத்தாழ இரண்டு டஜன் சீட்டுகள் அடங்கும். 100 சீட்டுக்கு ஐந்து தாள்கள் போதும். மூன்றாவது, திருமண அழைப்பிதழ்களுக்கு நாம் நன்கறிந்த ஸ்கிரீன் பிரிண்டிங். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் வழியே மையை அழுத்தித் தேய்ப்பதே இதன் முறை. ஓரிரு வண்ணங்களில் எழுத்து தடிப்பாக விழும். பெரிய இயந்திரம் தேவையில்லாத இத்தொழிலை நம் மகளிர் குழுக்களும் பழகலாம்.

முதன்முறை 100 சீட்டுக்கு மேல் அடிக்க வேண்டாம். மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்துக் குறைகளைத் திருத்திய பின்னர் மிகுதியாக அடிக்கலாம். இரண்டு அச்சகங்களில் விலை கேட்டுக்கொள்வதும், பத்துக் கலைஞர்கள் சேர்ந்து ஒரே சமயத்தில் கொடுப்பதும் செலவைக் குறைக்கும்.

1994இல் ஜப்பானில், மோட்டார் உதிரிப் பாகங்களை அடையாளம் காண்பதற்காக ஒரு நிறுவனம் உருவாக்கிய கியூஆர் குறி இன்று நம் பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. கலைஞர் தம் வேலைகளின் படங்களையோ கூத்தின் ஒளிப்பதிவையோ இணையத்தில் வைத்திருந்தால், அந்த இடத்துக்கு வழிகாட்டும் குறியைச் சீட்டின் பின்புறம் இடலாம். அது முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல், வெள்ளைப் பரப்பில் கறுப்பாக, சுற்றிலும் சிறிது வெற்றிடம் விட்டு இருக்க வேண்டும். மாதிரிப் படியிலேயே இரண்டு கைப்பேசிகளால் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் பதிவும்

இங்கே ஓர் எச்சரிக்கை கூறியாக வேண்டும். தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதால் எவரும் அந்த முத்திரையைத் தம் சீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணலாகாது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிற்பி தம்மை "அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்" எனச் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊருக்குக் கிடைத்த உரிமை ஆளுக்குப் பயன்படுவது அப்பதிவுக்குப் பின்னரே. 2023இல் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசிக்கும் இதே முறைதான்.

கூத்து, இசைக் கலைஞர்கள் 2007இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகலாம். சேலத்தில் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம் இருக்கிறது. கைவினைஞர்களுக்கு மத்திய அரசின் கைவினைத் துறை அடையாள அட்டை வழங்குகிறது. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் கோயில் விழாக்கள் நின்றபோது, பதிவில் பெயர் இருப்பதன் அருமை கலைஞர்களுக்கு நன்கு விளங்கிற்று. அறிமுகச் சீட்டு வாங்குபவருக்குக் கலைஞரைக் காட்டும். பதிவு அரசுக்குக் கலைஞரைக் காட்டும். இரண்டும் வேண்டும்.

ஒரு தயக்கம்

"வியாபாரிதான் எங்களுக்கு மரம் வாங்க முன்பணம் தருகிறார், நாங்கள் சீட்டு அடித்தால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?" என்று சிற்பி ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. முன்பணம் கொடுத்து, விற்காத காலத்திலும் சரக்கை வாங்கி வைக்கும் வியாபாரி நம் பகைவரல்லர். அவருக்குச் செய்து தரும் பொருளில் அவருடைய ஒப்புதலின்றிச் சீட்டு வைப்பது முறையன்று. ஆனால் தனி வேலைகள், பழுது பார்த்தல், கோயில்களின் நேரடி வேலை, கண்காட்சி விற்பனை ஆகியவற்றில் சிற்பிக்கு முழு உரிமை உண்டு. அங்கிருந்து தொடங்கலாம். சொந்தமாக வேலை தேடி வருவோர் சிலர் இருந்தாலே, வியாபாரியோடு கூலி பேசும்போது குரல் சற்று உறுதிப்படும். சீட்டு அடித்தவுடன் வேலை குவியும் என்று நான் வாக்குறுதி தரவில்லை. நல்ல வேலை செய்தவரை மீண்டும் தேடி வருபவர் வழி தவறாமல் வந்து சேர அது உதவும்.

நாம் செய்ய வேண்டியவை

ஊராட்சிப் பணியில் உள்ளவர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, ஊராட்சி அலுவலகத்தில் கலைஞர் பதிவேடு ஒன்றைத் திறந்து, பெயர், கலை, குழு, எண் ஆகியவற்றைக் கலைஞரின் சம்மதத்தோடு எழுதி வையுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபைகளில் அதைப் படித்துத் திருத்துங்கள். இரண்டு, அலுவலக அறிவிப்புப் பலகையில் ஊர்க் கலைஞர்களின் சீட்டுகளை வரிசையாகக் குத்தி வையுங்கள். மூன்று, நல வாரியப் படிவத்தையும் அடையாள அட்டைப் படிவத்தையும் நிரப்பத் தெரிந்த படித்த இளைஞர் இருவரை ஒவ்வோர் ஊரிலும் இப்பணிக்குத் தூண்டுங்கள்.

விவசாயப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் கலைஞரை அழைப்பவர்கள் நீங்களே. அழைக்கும்போது இடையாளை விடுத்துக் கலைஞரிடமே பேசுங்கள். பேசிய தொகையையும் நாளையும் அவருடைய சீட்டின் பின்புறம் எழுதி இருவரும் ஒவ்வொன்று வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நன்றாக இருந்தால் நான்கைந்து சீட்டுகளைக் கேட்டு வாங்கி, வீரகனூர்ச் சந்தையில் சந்திக்கும் உறவினர்களுக்குக் கொடுங்கள். உங்களுக்கு இதில் செலவு ஏதுமில்லை.

நம் பிள்ளைகள் உளியையும் முகவீணையையும் விட்டு நகரத்து வேலைக்குச் செல்வதைக் குறித்து நாம் வருந்துகிறோம். தந்தையின் பெயரைச் சொல்லி அழைப்பு வரும் வீட்டில் அத்தொழில் மேலும் ஒரு தலைமுறை நிற்கக் கூடும். அடுத்த கிராம சபை கூடுவதற்குள் ஒவ்வோர் ஊராட்சியிலும் பத்துக் கலைஞர்களுக்காவது திருத்தமான சீட்டு அச்சாகி வரவும், பதிவேட்டில் அவர்கள் பெயர் ஏறவும் ஆவன செய்யுமாறு உங்கள் அனைவரையும் கேட்டுக்கொண்டு என் உரையை முடித்துக்கொள்கிறேன்.